மணலைப் பிடித்த வேலி

நான் பிறந்து வளர்ந்தது உரும்பிராயில். அங்கே மண் சிவப்பு. காலில் ஒட்டும், சேலைக் கரையில் ஒட்டும், தண்ணீர் பட்டால் போய்விடும். கலியாணம் முடித்து, வடமராட்சியின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு சிற்றூருக்குக் குடிபோன பிறகுதான் மண் காற்றோடு எழுந்து நடமாடும் என்பதை அறிந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது.

என் கணவர் உடுப்பிட்டிக்காரர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமைச் சட்டம்பியாராக அவருக்கு வேலை கிடைத்திருந்தது. பருத்தித்துறையிலிருந்து மாட்டு வண்டியில் போனோம். கடைசித் துண்டு வழியில் சில்லுகள் மணலில் புதைந்துவிட்டன. வண்டிக்காரர் எங்களையும் அலுமாரியையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக் கரைசேர்த்தார். அலுமாரியைத் தூக்க ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு ஒரு பெண்ணும் வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள், நல்ல உயரம், தோளில் ஒரு ஆட்டுக்குட்டி.

"தங்கச்சி, செருப்பைக் கழட்டிக் கையிலை பிடியும். உதோடை இஞ்சை நடக்கேலாது," என்றாள்.

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். கரைவலை மீனைச் சுமந்தும், கருவாடு போட்டும், ஆடு வளர்த்தும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பார்த்துவந்தாள். அன்றிலிருந்து அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். இனி நான் அக்கா என்று சொல்வதெல்லாம் அவளைத்தான்.

ஊர் ஒடுங்கலானது. கிழக்கே கடல், மேற்கே களப்பு என்ற உப்பங்கழி, நடுவில் குடிமனைகளும் கொஞ்சம் பனையும் தென்னையும். கடலுக்கும் குடிமனைக்கும் இடையில் நீளத்துக்கு ஒரு மணல் மேடு கிடந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் இருக்கும். அதன் கடற்பக்கச் சரிவில் தாழையும், முள்ளுப் பந்து உருளும் இராவணன்மீசைப் புல்லும், ஊதாப் பூப் பூக்கும் அடம்பன் கொடியும் படர்ந்திருந்தன. ஊர்ப்பக்கச் சரிவு மொட்டை. விறகுக்கு வெட்டினது பாதி, ஆடு கடித்தது பாதி.

மழை விட்டு வெயில் காயத் தொடங்கியதும், வாடைக்காற்றில் அந்த மேடு புகையும். தூரத்தில் நின்று பார்த்தால் அதன் முதுகிலிருந்து வெள்ளையாக ஏதோ எழுந்து வருவது தெரியும். வந்து எங்கள் வீட்டுக்குள் படுக்கும். சோற்றில் மணல், பாயில் மணல், மூடிவைத்த தண்ணீர்க் குடத்தின் அடியிலும் மணல். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் கொஞ்சம் கடற்பக்கமாகத் திரும்பிப் போகும். ஆனால் வந்த அளவு ஒருநாளும் போனதில்லை. மேட்டின் அடியில் இருந்தவர்கள் வீட்டைப் பிரித்துப் பிரித்துப் பின்னுக்குக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் வைக்க ஒரு சின்னத் தோட்டம் போட்டேன். தோட்டம் செய்கிற வீட்டில் பிறந்த எனக்குக் கை சும்மா இருக்காது. மணல் விழாமல் பனையோலையால் வேலி அடைத்தேன். ஒரு வாடை முடிவதற்குள் வேலியோடு மணல் ஏறி, ஓலை நுனி மட்டும் வெளியே நின்றது. கத்தரிக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிய நேரத்தில் உயிரோடு புதைந்தன. அன்று உட்கார்ந்து அழுதேன். அவர் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்துவிட்டு, "இஞ்சை பாரும், கத்தரிக்காய் பருத்தித்துறைச் சந்தையிலை வாங்கலாம்," என்றார். எனக்கு அழுகை கூடியதுதான் மிச்சம்.

ஆறுதலாக ஒன்றே ஒன்று இருந்தது. மேட்டின் அடியில் ஊர்க் கிணறு. உரும்பிராயில் துலாக் கட்டி இறைக்கிற கிணறுகளோடு பழகின எனக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. சின்னக் கயிற்றில் ஒரு பனையோலைப் பட்டையைக் கட்டிவிட்டால் தண்ணீர் கைக்கு வந்துவிடும். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, அந்தத் தண்ணீர் இளநீர்போல இனிக்கும். இது எப்படி என்று அக்காவிடம் கேட்டேன்.

"மேடு மழையைக் குடிக்குது. பிறகு எங்களுக்குப் பருக்குது," என்றாள்.

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு அதே வாயால் மேட்டைத் திட்டுவார்கள்.

நாங்கள் குடிபோய்ச் சில காலத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். பட்டணத்தில் கட்டடங்களும் மதகுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. அவருக்கு மணல் வேண்டும், எங்களுக்கு மணல் வேண்டாம். இவ்வளவு பொருத்தமான கலியாணம் எங்கேயும் நடந்திராது என்று என் கணவர் சிரித்தார். ஊர் நிர்வாகம் பார்த்த விதானையாருக்கும் சம்மதம். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்கு எல்லாரையும்விடச் சந்தோஷம். மேட்டை ஊடறுத்து வெட்டினால் மீன் வண்டி நேரே கரைக்குப் போகலாம். அதுவரை பெண்கள் மீன் கடகங்களைத் தலையில் சுமந்து மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுமந்தவர்களில் அக்காவும் ஒருத்தி. மணல் ஏற்ற வந்த முதல் வண்டிக்காரனுக்கு மோர் கரைத்துக் கொடுத்ததே அவள்தான்.

கோடை முழுக்க வண்டிகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு நேரே மேட்டில் ஒரு வாய் திறந்து, அகன்றுகொண்டே போனது. என் குசினி யன்னலால் கடல் தெரிந்தது. அதுவரை சத்தமாக மட்டும் இருந்த கடல் நீலமாகவும் இருந்தது. பின்னேரங்களில் நானும் அக்காவும் அந்த வாயில் உட்கார்ந்து காற்று வாங்குவோம். அவளுடைய சின்ன மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். நல்ல நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் மழையும் காற்றும் விடாமல் பிடித்தன. ஒரு மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தபோது கடல் வழக்கமான இடத்தில் இல்லை. வெட்டிய வாயின் நடுவே, வண்டித் தடத்தில், நுரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரையில் அடித்துத் திரும்பும் அலை அல்ல அது. திரும்பும் எண்ணமே இல்லாமல் நேரே உள்ளே வந்தது.

ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். "இஞ்சருங்கோ, கடல் வருகுது," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, பாடம் சொல்லும் அதே குரலில், "எல்லாரும் எழும்பிக் கையைப் பிடியுங்கோ. பெரியாக்கள் சின்னாக்களைத் தூக்குங்கோ. நாங்கள் மேட்டுக்குப் போறம்," என்றார்.

வெட்டாமல் மிஞ்சியிருந்த வடக்குத் துண்டு ஒன்றுதான் ஊரில் உயரமான இடம். முழங்கால் தண்ணீர் காலை வாரி இழுக்க, அங்கே ஏறினோம். என் வயிற்றில் அப்போது முதல் பிள்ளை. ஊர் முழுக்க அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது. சம்மாட்டியார் நடமாட முடியாத தன் தகப்பனைத் தோளில் சுமந்து வந்தார். மேட்டின் முதுகில் மழைக்குள் குந்தியிருந்து கீழே பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் ஒவ்வொன்றாக மிதந்து களப்பை நோக்கிப் போயின. அக்கா இரண்டு பிள்ளைகளையும் அணைத்துப் பிடித்தபடி தன் ஆட்டுக் கொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த ஆடுகள் கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "இந்தத் துண்டையும் வாற வருஷம் வெட்டுறதெண்டு இருந்தவை," என்று மெதுவாகச் சொன்னார்.

பொழுது படுவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டின் ஒரு சுவர் கரைந்திருந்தது. அக்காவுக்கு மிஞ்சியது இரண்டு ஆடுகள்.

அடுத்த நாள் காலையில் அவள் கிணற்றில் அள்ளி வாயில் வைத்தாள். வைத்ததைத் துப்பினாள். ஆண்களும் பெண்களும் மாறி மாறி நின்று இறைத்து ஊற்றினோம். இறைத்துவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும் என்று நினைத்தோம். இறைக்க இறைக்க இன்னும் உப்பாக ஊறியது. வேறு வழியில்லாமல் வடக்கே அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். சாதியைச் சொல்லி, அந்த ஊர்க் கிணற்றில் எங்கள் பெண்களை அள்ள விடமாட்டார்கள். அவர்கள் அள்ளி ஊற்றும்வரை குடத்தை ஏந்திக்கொண்டு காத்து நிற்க வேண்டும். அப்படி நின்று வாங்கிய தண்ணீரில் ஒரு செம்பை, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று, யாராவது ஒருத்தி தினமும் என் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். யார் வைத்தது என்று பல நாள் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. அதற்கு முன்பே, பகுதிக்குப் பொறுப்பான மணியகாரர் வந்து பார்த்து, கல்லணை கட்டித் தரும்படி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிப் போயிருந்தார். கல்லணை வரும்வரை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஊரைக் கிளப்பிக் களப்புக்கு அந்தப் பக்கம் போகலாம் என்றார்கள் சிலர். "வலையைத் தோளிலை போட்டுக்கொண்டு வயலுக்கை போய் என்னத்தை இழுக்கிறது?" என்று கேட்டார் சம்மாட்டியார். ஒரு முடிவும் வராமல் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து குசினிப் பின்கதவைத் திறந்தேன். வெள்ளம் அந்த வளவையே வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. என் கத்தரித் தோட்டம் இருந்த இடத்தில் மட்டும் மண் அப்படியே இருந்தது. ஓலை வேலியில் ஏறிப் புதைந்த மணல், வேலியையும் உள்ளே வைத்துக்கொண்டு, இடுப்பளவு திட்டியாக நின்றது. வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேண்டாம் வேண்டாம் எண்டு நான் நிக்கவே உந்த வேலி இவ்வளவு மணலைப் பிடிச்சிருக்குது. வெட்டின வாயிலை கொண்டுபோய் வேலியை நட்டால் பிடியாதோ?"

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். திட்டியைச் சுற்றி நடந்தார். காலால் மிதித்துப் பார்த்தார். "பிடிக்கும்போலைதான் கிடக்குது," என்றார்.

தை பிறந்து மணல் காய்ந்ததும் தொடங்கினோம். பெண்கள்தான் முதலில் வந்தார்கள். தண்ணீருக்கு நடந்து கால் தேய்ந்தவர்கள் அவர்கள். பிரிந்து விழுந்த கூரைகளின் பழைய ஓலை ஊர் முழுக்கக் கிடந்தது. அலவாங்கால் குழி போட்டுப் பனை மட்டைகளை நட்டு, ஓலையை நெருக்கமாக, ஒரு விரல் நுழையாதபடி அடைத்தோம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் ஊரில் வேலியின் அழகைப் பார்த்தே வீட்டுக்காரரை மதிப்பார்கள். அடுத்து வந்த பெருங்காற்றில் அந்த வேலி முழுக்கப் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது.

முழுக்க என்று சொன்னது சரியல்ல. தென்கோடியில் ஓலை போதாமல் போய், இடைவெளி விட்டு விட்டு ஏனோதானோவென்று கட்டிய ஒரு துண்டு மட்டும் நின்றது. அதன் அடியில் முழங்காலளவு மணலும் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்து அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"தங்கச்சி, காத்தை மறிச்சால் அது சண்டைக்கு வரும். போக விட்டால் சுமையை இறக்கி வைச்சிட்டுப் போகும். உம்மடை வடிவான வேலி இஞ்சை சரிவராது."

அதன்பின் எல்லா வேலியையும் பல்லுப் பல்லாக, இடைவெளி விட்டே கட்டினோம். மணல் ஏறி ஓலை மறைந்ததும் அதன் தலையில் இன்னொரு வரிசை நட்டோம். இரண்டாம் வரிசை நடும்போதுதான் சம்மாட்டியார் வந்தார். கோபமாக வந்தார் என்று நடையிலேயே தெரிந்தது. என் கணவரிடம் நேரே போனார்.

"சட்டம்பியார், நீங்கள் பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ. கரையை எங்களிட்டை விடுங்கோ. வலை இழுக்க வெளி வேணும். மீன் வண்டிக்கு வழி வேணும். ரெண்டையும் அடைச்சுப்போட்டு என்ரை ஆக்கள் மணலைத் தின்னுறதோ?"

அக்கா ஓலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "வலை இழுக்கிற வெளியிலை ஒரு ஈர்க்குக்கூட நடேல்லை, சம்மாட்டியார். வந்து பாருங்கோ. வழிதான் கரைச்சல். அது எங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அடைக்கிறியள்?"

"பழையபடி மேடு ஏறி இறங்கிச் சுமப்பம்."

"நீ சுமப்பாய். மற்றவள் எத்தினை நாளைக்குச் சுமப்பாள்?" என்றார். அவர் குரல் தணிந்துவிட்டது. அவர் சொன்னதும் நியாயம். மீன் பழுதாகாமல் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும்.

நான் இடையில் புகுந்தேன். "வழியை நேரை விடாமல் சரிச்சு விட்டால் என்ன?" என்று கேட்டேன். எங்கள் ஊர் வளவுகளில் ஒழுங்கைத் தெருவால் வருகிறவருக்கு உள்வீடு தெரியாமல் வாசல் ஒருபக்கமாகத் திரும்பி இருக்கும். அதை நினைத்துத்தான் கேட்டேன்.

சம்மாட்டியார் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். பிறகு மேட்டின் உடைந்த விளிம்புவரை நடந்தார். முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது குதிக்காலை மணலில் அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கோடு நேரே வராமல் தெற்கே சாய்ந்து, பிறகு வளைந்து ஊருக்குள் இறங்கியது.

"வாடை உங்காலை வருது. இப்பிடித் திரும்பினால் காத்தும் மேட்டிலை முட்டும், தண்ணியும் முட்டும். ஆனால் வண்டி திரும்ப வேணும். வளைவைச் சின்னனாய் விட்டியள் எண்டால் நானே பிடுங்கி எறிவன்."

அன்று பின்னேரமே வெறும் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கோட்டில் ஓட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் மாடு முரண்டியது. கோட்டை அகட்டினார். அடுத்த நாள் வலைக்காரர் பத்துப் பேர் அலவாங்குகளோடு வேலைக்கு வந்தார்கள்.

பங்குனியில் மணல் வண்டிகள் திரும்ப வந்தன. கொந்தராத்துக்காரர் வரவில்லை, அவருடைய வண்டிக்காரர்கள் மட்டும். முன்னால் வந்தவன் போன வருஷம் அக்காவிடம் மோர் வாங்கிக் குடித்த அதே ஆள். வாய் இருந்த இடத்தில் வேலியையும் மணலையும் கண்டு திகைத்து நின்றான்.

"அக்கை, இதென்ன அடைச்சுக் கிடக்குது? நான் எங்காலை ஏத்துறது?"

"களைச்சு வந்திருக்கிறாய். முதல் மாட்டை அவிட்டுத் தண்ணி காட்டு," என்றாள் அக்கா.

அவன் கிணற்றில் அள்ளித் தொட்டியில் ஊற்றினான். மாடுகள் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. திரும்பவும் அவற்றின் தலையைப் பிடித்துக் குனிய வைத்துப் பார்த்தான். குடிக்கவில்லை. கையில் கொஞ்சம் ஏந்தி அவனே குடித்துப் பார்த்தான்.

"இது நல்ல கிணறெல்லோ," என்றான்.

"ஓம். போன வருஷம் வரைக்கும்."

அவன் மேட்டையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தான். விதானையார் வந்து, களப்போரத்தில் ஒதுங்கிக் கிடந்த மணலைக் காட்டி, வேண்டுமானால் அங்கே ஏற்றலாம் என்றார். அது மணலோடு சேறும் கலந்தது. கொந்தராத்துக்காரருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நான் பிள்ளைப்பேற்றுக்கு உரும்பிராய்க்குப் போனேன். பெண்பிள்ளை. புரட்டாதியில் திரும்பும்போது எனக்கும் பிள்ளைக்கும் ஒரு வண்டி, பின்னால் கதியாலுக்கு ஒரு வண்டி. வேலிக்கு நட்டால் வேர் விட்டு மரமாகும் தடிகள் அவை. பூவரசிலும் கிளுவையிலும் என்னைப் பெற்ற ஐயா வெட்டித் தந்திருந்தார். "உப்புக் காத்திலை எது நிக்குமெண்டு எனக்குத் தெரியாது, ரெண்டையும் நட்டுப் பார்," என்றார். முதல் மழையோடு மேட்டின் ஊர்ப்பக்க அடியில் நட்டோம். பெண்கள் வடக்குத் துண்டிலிருந்து அடம்பன் கொடிகளையும் இராவணன்மீசையையும் வேரோடு கிள்ளி வந்து, புதிதாகச் சேர்ந்த மணலில் ஊன்றினார்கள். கிளுவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூவரசு துளிர்த்தது.

துளிர்த்ததும் ஆடு கடித்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசைக் கதியால் மொட்டையாக நின்றது. பக்கத்தில் அக்காவின் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. மிஞ்சின இரண்டும் அப்போது குட்டி போட்டுப் பெருகியிருந்தன. நான் அவளிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன்.

அவள் முகம் சிவந்தது. "கட்டிப்போட்டுத்தான் எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்தனான். இனி என்ரை ஆட்டைக் கட்டமாட்டன், தங்கச்சி. அதைமட்டும் கேளாதையும்."

அந்த மத்தியானம் மேட்டில் குந்தியிருந்து அவள் கேட்ட சத்தம் எனக்கும் கேட்டதுதான். அதை மறந்துவிட்டு ஆட்டைக் கட்டச் சொல்லப் போயிருந்தேன். சில நாள் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அவள் பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல வந்து என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

பிறகு ஒருநாள் அவளே வந்தாள். களப்புப் பக்கத்தில் புல் இருக்கிறது, ஆடுகளை அங்கே கொட்டிலோடு மாற்றிவிடலாம், சுற்றி வேலி அடைத்தால் கட்ட வேண்டியதில்லை என்றாள். "வேலி கட்டத்தான் உமக்குத் தெரியுமே. இந்த முறை வடிவாக் கட்டலாம். விரல் நுழையக் கூடாது," என்றாள். மூன்று நாள் அவளோடு நின்று கட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலி நான் கட்டினதில்லை.

கிணறு உடனே திரும்பவில்லை. முதல் மாரி முடிந்து அள்ளிப் பார்த்தபோது உப்புத்தான். அதற்கடுத்த மாரியில் மேடு பழைய உயரத்தில் பாதிக்கு வந்திருந்தது. அதன் முதுகில் அடம்பன் பூத்துக் கிடந்தது. அந்த வருஷம் தண்ணீர் சவர்ப்பாக இருந்தது. துணி தோய்க்கலாம், குடிக்க முடியாது. ஊருக்கு அலுப்புத் தட்டத் தொடங்கியது. ஓலை சுமக்க வருகிற ஆட்கள் குறைந்தார்கள். என் கணவர் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பெரிய பிள்ளைகளோடு போய்ச் சாய்ந்த மட்டைகளை நிமிர்த்துவார். சில கிழமைகளில் அவரும் அவர்களும் மட்டும்தான்.

அதற்கும் அடுத்த தையில், பொங்கலுக்கு முதல்நாள், அக்கா என் குசினிக்குள் வந்து, அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு, சீனி போடாமல் ஒரு கிளாஸ் நீட்டினாள்.

குடித்தேன். தேயிலைக் கசப்பு மட்டும்தான் இருந்தது.

"எந்தக் கிணறு?" என்று கேட்டேன்.

"எங்கடை கிணறுதான்," என்றாள். இரண்டாவது கிளாஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பாடத்தின் நடுவில் என் கணவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பள்ளிக்கூடத்தை அன்று மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். ஊர்ப் பொங்கல் எல்லாம் அந்தத் தண்ணீரில் பொங்கியது. சம்மாட்டியார் வீட்டுப் பானையில் மட்டும், பழக்கத்தில், வடக்கூர்த் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று பிறகு அறிந்து எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் இன்னொரு பெருங்காற்று அடித்தது. எங்கள் வளைந்த வழியில் கடல் பாதித் தூரம் ஏறி, முட்டி, திரும்பியது. ஆனால் தென்கோடியில் கரையை அரித்து, வலைக்காரரின் வாடிக் கொட்டில்கள் இருந்த நிலத்தையே எடுத்துக்கொண்டு போனது. அங்கே எந்த வேலியும் நிற்கவில்லை. சம்மாட்டியார் வாடிகளைப் பிரித்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். மேட்டின் மேல் கட்டாமல், மேட்டுக்கு இடம் விட்டு, அதற்கு உட்புறமாகக் கட்டினார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. கல்லணையும் வரவில்லை. வந்திருந்தால் எங்கே கட்டியிருப்பார்கள் என்று என் கணவர் அடிக்கடி யோசிப்பார்.

அந்தக் காற்றுக்குப் பிறகு, தெற்கே இரண்டு ஊர் தள்ளி ஒரு ஊரிலிருந்து மூன்று பெண்களும் ஒரு கிழவரும் வண்டியில் வந்தார்கள். தங்கள் ஊர் மேடும் உடைந்துபோய்க் கிடக்கிறது, கொஞ்சம் அடம்பன் கொடி வேண்டும் என்றார்கள். அடம்பன் அவர்கள் ஊரிலும் இருந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது அது மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் விளங்கியது. அக்கா வண்டி நிறையக் கொடியை ஏற்றி, அதன்மேல் தானும் ஏறி உட்கார்ந்தாள். ஆடுகளை என்னிடம் விட்டுப் போனாள். எனக்கு ஆடு பார்க்கத் தெரியாது. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை அவள் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தாள்.

"நட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"ஒரு வரிசை நட்டாச்சு. நான் சொல்லச் சொல்லக் கேளாமல் நெருக்கி அடைச்சுப் போட்டினம். வடிவா இருக்க வேணுமாம்."

"பிறகு?"

"விழும் எண்டு சொன்னன். விழுந்தாப் பிறகு ஆள் அனுப்பச் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அடுத்த தையில் ஆள் வந்தது. மகளை என் கணவரிடம் விட்டுவிட்டு, அந்த முறை நானும் வண்டியில் ஏறினேன்.